வானம் காலடியில்

"வெள்ளைத் தரை. மழை பெய்தால் வானம் காலடியில் தெரியும். பூநாரைகள் வரும். எந்த இடம்?"

கரண்ட் போன நேரம், கிளிநொச்சி வீட்டு விறாந்தையில் மகள் கேட்டாள்.

நான் யோசிப்பதற்குள் அம்மா வெற்றிலையை மடித்தபடி சொன்னார்: "இதென்ன பெரிய கேள்வி பிள்ளை? ஆனையிறவு."

மகள் வைத்திருந்த விடை பொலிவியாவின் யுயுனி உப்புவெளி. 10,000 சதுர கிலோமீற்றருக்கும் மேல். கடல்மட்டத்திலிருந்து 3,600 மீற்றருக்கும் கூடிய உயரம்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டார். அப்புறம், ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்த நாளில் வெடித்த குதிகாலைத் தடவிக்கொண்டே, "அங்கயும் உப்பு அள்ளுற சனத்துக்குக் கால் வெடிக்குமோ?" என்றார்.

ஆனையிறவு என்றால் எனக்குப் போர்தான் நினைவுக்கு வரும். அம்மாவுக்கு அது வானம் காலடியில் கிடக்கும் இடம்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் போகிறோம்.