டப்பாவில் எழுதியிருந்தது வேறு

இயக்குநர் அனுப்பிய தேவைப் பட்டியலில் 40 வரிகள் இருந்தன. 39 வரிகளைப் படித்ததுமே யாரிடம் கேட்க வேண்டும், ஏறக்குறைய என்ன விலை சொல்வார்கள் என்று தெரிந்துவிட்டது. நாற்பதாவது வரி இது: ‘மேற்கு டேட்டன், எழுபதுகள், தெருவில் ஜனங்கள் ஆடுவது.’ மற்ற 39-க்கும் சேர்த்து ஆன நேரத்தைவிட இந்த ஒரு வரிக்கு அதிக நேரம் ஆனது.

ஆவணப்படங்களுக்குப் பழைய காட்சிகளைத் தேடிக் கொடுப்பது என் வேலை. சென்னையில் ஒரு டிவி சேனலின் டேப் லைப்ரரியில் பீட்டாகேம் கேசட்டுகளுக்கு நம்பர் ஒட்டிக்கொண்டிருந்தவன், எங்கெங்கோ சுற்றி அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக்கு வந்து சேர்ந்தேன். ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். “அதான் யூடியூபில் எல்லாம் இருக்கே?” என்பார்கள். இருக்கிறது. யார் ஏற்றினார்கள், அவர்களுக்கு யார் கொடுத்தார்கள், உண்மையில் அது எந்த வருஷம் எடுத்தது, இதெல்லாம்தான் இருக்காது.

படம் ஃபங்க் இசையைப் பற்றியது; அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆட வைக்கும் தாள இசை அது. இதே ஒஹாயோவில் டேட்டன் என்ற ஒரே ஊரிலிருந்து ஏன் அவ்வளவு ஃபங்க் வந்தது என்பதுதான் அதன் கேள்வி. 1970-இல் அந்த ஊரின் ஜனத்தொகை இரண்டரை லட்சத்தைக்கூடத் தொடவில்லை. அங்கிருந்து ஒஹாயோ பிளேயர்ஸ், லேக்சைட், ஸ்லேவ், ஹீட்வேவ் என்று இத்தனை பேண்டுகள். அந்தப் பக்கத்திலேயே இருக்கும் ஹாமில்டனிலிருந்து ஸாப். ஒஹாயோ பிளேயர்ஸின் ‘ஃபயர்’ 1975 தொடக்கத்தில் அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடம் பிடித்தது. அடுத்த வருஷத் தொடக்கத்தில் ‘லவ் ரோலர்கோஸ்டர்’, மறுபடி முதலிடம். காரணம் கேட்டால் ஊர்க்காரர்கள் மேதைமையைப் பற்றிப் பேசுவதில்லை, சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். கார் பாகம், ஃப்ரிட்ஜ், கல்லாப்பெட்டி என்று தொழிற்சாலைகளால் ஓடிய ஊர் அது. தெற்கு மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த கறுப்பினக் குடும்பங்களின் கையில் மாதாமாதம் காசு இருந்தது. பிள்ளைக்குத் தவணையில் ஒரு பேஸ் கிதார் வாங்கித் தர முடிந்தது. பள்ளிக்கூடத்தில் பேண்ட் வாத்தியார் இருந்தார். அப்புறம் என்ன, தெருவுக்குத் தெரு பேண்ட்.

நட்சத்திரங்களின் காட்சி கிடைப்பது சுலபம். ‘சோல் டிரெயின்’, ‘மிட்நைட் ஸ்பெஷல்’ மாதிரி டிவி நிகழ்ச்சிகளுக்கு உரிமையாளர் யார் என்று தெரியும். பணம் கட்டினால் வந்துவிடும். அதனாலேயே எல்லாப் படத்திலும் அதே பளபள உடைகள் வருகின்றன. ‘சோல் டிரெயின்’ ஆடியவர்களையும் காட்டியது, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டுடியோ வெளிச்சத்தில் ஆடியவர்கள். எங்களுக்கு வேண்டியது ஷிஃப்ட் முடிந்து வந்து தெருவில் ஆடியவர்கள். அவர்கள் பக்கம் யாரும் கேமராவைத் திருப்பவில்லை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

எடுத்தவையும் எல்லாம் மிஞ்சவில்லை. ‘சோல் டிரெயின்’ 1970-இல் சிகாகோவில் உள்ளூர் நிகழ்ச்சியாகத்தான் தொடங்கியது. அந்தச் சிகாகோ நாட்களின் டேப் கேட்டால் கையை விரிப்பார்கள். 2 அங்குல வீடியோ டேப் அப்போது கொள்ளை விலை. ஒளிபரப்பு முடிந்ததும் அதன் மேலேயே அடுத்ததைப் பதிவு செய்வது எல்லா ஸ்டேஷனிலும் வழக்கம். டேப்பை விடுங்கள், பார்லிமென்ட்-ஃபங்கடெலிக் குழு 1976 முதல் மேடையில் இறக்கிக் காட்டிய அந்தப் பிரம்மாண்டமான விண்கலமே 1980களில் மேரிலாந்தில் குப்பையோடு குப்பையாகப் போய்விட்டது. இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருப்பது தொண்ணூறுகளில் செய்த இன்னொன்று. அவ்வளவு பெரிய சாமானுக்கே இந்த கதி.

இதோடு எங்கள் தொழிலுக்குப் புதிதாக ஒரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. 1969-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் நடந்த இசை விழாவில் எடுத்த சுமார் 40 மணி நேரக் காட்சிகள் ஏறத்தாழ ஐம்பது வருஷம் முடங்கிக் கிடந்து, 2021-இல் ‘சம்மர் ஆஃப் சோல்’ என்ற படமாக வெளிவந்தன. நல்ல படம். ஆனால் அதற்குப் பிறகு எல்லாத் தயாரிப்பாளரும், எங்காவது ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் தங்கள் படத்துக்கும் ஒரு பொக்கிஷம் காத்திருப்பதாக நம்புகிறார்கள். நான் இறங்கிய பேஸ்மென்ட்டுகளில் பெரும்பாலும் பூசணம்தான் காத்திருந்தது.

முதல் இரண்டு மாதம் நான் செய்த தப்பு, ‘ஃபங்க்’ என்று தேடியது. பழைய டிவி ஸ்டேஷன்கள் தங்கள் செய்திப் படச்சுருள்களைப் பல்கலைக்கழக நூலகங்களுக்குக் கொடுத்திருக்கின்றன. கூடவே தட்டச்சு செய்த அட்டைகளும் இருக்கும். அந்த அட்டைகளில் ஃபங்க் என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. எப்படி இருக்கும்? அட்டை அடித்தவர் செய்திப் பிரிவு குமாஸ்தா. அவருக்கு அது இசை இல்லை; ‘இளைஞர்’, ‘கோடைகால வேலைத் திட்டம்’, ‘பள்ளி வாரியம்’, ‘போலீஸ்–சமூக உறவு’. மேற்கு டேட்டனில் 1966-இல் கலவரம் நடந்த பிறகு, அந்தப் பக்கம் கேமரா போனதென்றால் ஏதாவது ஒரு பிரச்சினையின் பெயரில்தான் போயிருக்கும். அது உறைத்ததும் பாட்டைத் தேடுவதை விட்டுவிட்டுப் பிரச்சினைகளைத் தேட ஆரம்பித்தேன். மூன்றாவது நாள் ஒரு அட்டை கையில் வந்தது: ‘மே. டேட்டன், கோடை வேலை, இளைஞர், 108 அடி.’ 16 எம்எம் பிலிமில் 108 அடி என்றால் சரியாக 3 நிமிடம்.

டப்பாவைத் திறந்ததும் லேசாகப் புளித்த காடி வாடை. அசிடேட் பிலிம் கெட ஆரம்பித்தால் அப்படித்தான் அடிக்கும். சுருங்குவதற்குள் ஸ்கேன் செய்துவிட வேண்டும். செய்தோம்.

முதலில் ஒரு அதிகாரி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுகிறார். பிறகு வரிசையில் நிற்கும் பையன்கள். பிறகு கேமராக்காரருக்கு அலுத்துவிட்டது போல. வெளியே வந்து எதிரிலிருக்கும் கார் நிறுத்துமிடத்தைப் பார்க்கிறார். தட்டையான லாரி ஒன்றின் முதுகில் ஒரு பேண்ட். ஐந்து பேர், ஒரே துணியில் தைத்த சட்டை, காலர் காதைத் தொடுகிறது. கீழே ஒரு நூறு பேர் இருக்கலாம். தொழிற்சாலைச் சட்டையோடு ஒருத்தர், மதிய உணவுப் பெட்டியைக் கீழே வைக்காமலேயே ஆடுகிறார். ஒரு சிறுமி கையில் ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரை வழிகிறது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை, கால் மட்டும் தாளத்தில் இருக்கிறது. லாரியிலிருந்து ஒரு வயர் தரையில் ஓடி ஃப்ரேமை விட்டு வெளியே போகிறது.

இதில் ஒலி உள்ள பகுதி 50 நொடிதான். அதிலும் ஒரு சிக்கல். அந்தக் காலச் செய்தி பிலிமின் ஓரத்தில் காந்தப் பட்டை ஒன்று ஓடும். ஒலி அதில் பதிவாகும். கேமராவுக்குள் படம் நின்று நின்று நகர்கிறது, ஒலியோ சீராக ஓட வேண்டும். அதனால் ஒலித்தலையைத் தள்ளி வைத்திருப்பார்கள். ஒரு ஃப்ரேமுக்கு உரிய ஒலி 28 ஃப்ரேம் முன்னாலேயே இருக்கும். நொடிக்கு 24 ஃப்ரேம், ஆக ஒரு நொடிக்குச் சற்று மேல். மாலைச் செய்திக்கு நேரமாகிவிட்ட எடிட்டர் படத்தை மட்டும் பார்த்து வெட்டினால், அந்த ஷாட்டின் முதல் ஒரு நொடிச் சத்தம் முந்தைய துண்டோடு போய்விடும். எங்கள் துண்டில் டிரம்மர் கையை ஓங்கி அடிக்கிறார். கேட்பதோ மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரியின் பேச்சு வால்.

வேறு எந்த இசையானாலும் ஒரு நொடிதானே என்று விட்டிருப்பேன். ஃபங்கில் முதல் அடிதான் எல்லாம். ஃபங்குக்கு வழிபோட்ட பாடகர் ஜேம்ஸ் பிரவுன் தன் ஆட்களிடம் சலிக்காமல் கேட்டது அதைத்தான்: ‘த ஒன்’. மற்ற மூன்று அடிகளில் எப்படி வேண்டுமானாலும் விளையாடு, ஒன்றில் வந்து விழு. நம்மூரில் தாளம் போடுகிறவர்களுக்குச் சமம் என்று சொன்னால் புரிந்துவிடும். 1967-இல் அவர் ‘கோல்டு ஸ்வெட்’ பாட்டைப் பதிவு செய்த சின்சினாட்டி ஸ்டுடியோ டேட்டனிலிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணம். அந்த ‘ஒன்’தான் எங்கள் 50 நொடியில் இல்லை. எங்கள் படத்தின் எடிட்டர் வேறு இடத்திலிருந்து ஒரு அடியை எடுத்து ஒட்டலாம் என்றார். முடியும், யாருக்கும் தெரியாது. நான் வேண்டாம் என்றேன். ஒலி இல்லாத பகுதியின் மேல் ‘ஃபயர்’ பாட்டைப் போடும் யோசனையையும் எதிர்த்தேன். அவர்கள் ஆடிய பாட்டு அது இல்லை. ஒட்டுவேலையை விட்டுவிட்டார்கள், பாட்டு விஷயத்தில் இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இனி என் மானம் போன கதை. பேண்ட் யாரென்று தெரியாது. சில ஃப்ரேம்களை அச்செடுத்துக்கொண்டு அந்தப் பகுதி சர்ச் ஒன்றில் ஞாயிறு ஆராதனை முடிந்து காபி குடிக்கும் நேரத்துக்குப் போனேன். படம் நாலைந்து மேஜை சுற்றியது. ஒரு அம்மா, எழுபது வயதுக்கு மேல், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். பேஸ் வாசிக்கிறவர் அவருடைய அண்ணன். இறந்து பல வருஷமாகிவிட்டது. அந்த பேண்ட் ஒரு இசைத்தட்டுகூடப் போடவில்லை. அண்ணன் வாசிக்கிற போட்டோ ஒன்றுகூடத் தன்னிடம் இல்லை என்றார்.

நான் குறிப்பேட்டைத் திறந்து, “இது 1971 கோடை” என்று அவருக்கே தகவல் சொன்னேன்.

“இல்லை தம்பி,” என்றார். அவர் சொன்ன சொல்லைத் தமிழாக்கினால் தம்பிதான் வரும். “அவன் ராணுவத்திலிருந்து வந்த பிறகுதான் அந்தச் சட்டை தைத்தோம். நான்தான் தைத்தேன். 73-க்கு முன்னால் இருக்காது.”

பணிவாகத் தலையாட்டிவிட்டு, 1971 என்றே பதிந்துகொண்டேன். டப்பா மேல் அப்படித்தான் எழுதியிருந்தது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஞாபகம் தடுமாறும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். ‘1971-இன் கோடை’ என்று பின்னணிக் குரலும் பதிவாகிவிட்டது. பிறகு ஒருநாள் ஸ்கேன் செய்தவர் போனில் கேட்டார்: “ஓரக் குறியைப் பார்த்தீர்களா?” கோடாக் பிலிமின் விளிம்பில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று பொடியாக அச்சிட்டிருக்கும், எந்த வருஷம் தயாரானது என்பதற்கு அடையாளமாக. இது 1973. அந்த வருஷம் தயாரான பிலிமில் 1971-ஐ எடுக்க முடியாது. பழைய டப்பாவைத் துடைத்து வேறு சுருளைப் போட்டிருக்கிறார்கள். குரல் கொடுத்தவரை மறுபடி ஸ்டுடியோவுக்கு அழைத்த செலவு எந்தக் கணக்கில் போனது என்று நான் கேட்கவில்லை.

அந்த அம்மாவிடம் ஒரு ஒலிநாடாச் சுருளும் இருந்தது. அட்டையில் பேண்ட் பெயர், ‘ஒத்திகை’. எழுபதுகளின் சில நாடாக்களில் பசை ஈரம் உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகும். அப்படியே ஓட்டினால் உரிந்துவிடும். 50 டிகிரிக்குச் சற்று மேல் பல மணி நேரம் மெல்லச் சூடாக்கினால் கொஞ்ச நாளைக்கு ஓடும். சிலர் பழம் உலர்த்தும் மின்பெட்டியிலேயே வைக்கிறார்கள். வடாம் காயவைப்பது போலக் காத்திருந்து கேட்டால், 40 நிமிடம் சர்ச் பிரசங்கம். ஒத்திகைக்கு மேலேயே பதிந்துவிட்டார்கள். பிரசங்கம் நன்றாகத்தான் இருந்தது.

உரிமைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நினைத்தாலே தலைவலி. சுருள் நூலகத்துடையது, காப்புரிமை அவர்களுடையது இல்லை. ஸ்டேஷன் பல கை மாறியிருந்தது. பேண்ட் வாசித்ததோ அன்றைக்கு ரேடியோவில் ஓடிய இன்னொருவர் பாட்டு. அதை இயற்றியவரின் பதிப்பாளருக்குத் தனியாகப் பணம். கடைசியில் எங்கள் பட்ஜெட்டுக்குக் கட்டுபடியானது 19 நொடி. ஐஸ்கிரீம் சிறுமி இருக்கிறாள். உணவுப் பெட்டிக்காரர் இல்லை.

நூலகத்தில் எழுதிக் கேட்டு, குடும்பத்துக்கு மட்டும் 3 நிமிடப் பிரதி வாங்கினேன். அந்த அம்மாவின் வீட்டில் லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். அண்ணனை ஒருமுறை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. முதல் அடிச் சத்தம் ஏன் இல்லை என்று நான் 28 ஃப்ரேம் விளக்கத்தை ஆரம்பித்தேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. திரையில் லாரிக்குக் கீழே விரலை வைத்தார்.

“இந்த வயர் எங்கே போகிறது தெரியுமா? எதிரில் எங்கள் மாமா முடிவெட்டும் கடை. அந்த மாசம் வந்த கரண்ட் பில்லைக் காட்டி அண்ணனை ஒரு வழி பண்ணிவிட்டார்.”

எங்கள் பதிவேட்டில் ஒவ்வொரு காட்சிக்கும் இடம், நாள், ஒளிப்பதிவாளர், உரிமையாளர் என்று கட்டங்கள் உண்டு. இதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதி வைத்தேன்: ‘மின்சாரம்: மாமாவின் முடிவெட்டும் கடை.’