முறுக்கைக் கடிக்க முடியாத படம்

எங்கள் வீட்டில் டிவி ரிமோட் என் கைக்கு வருவதில்லை. "அவர் போடுற படத்துல யாராவது நடந்துக்கிட்டே இருப்பாங்க" என்பது என் மனைவியின் கணிப்பு. மறுத்துப் பேச வழியில்லை. கூழாங்கல் படத்தில் குடிகார அப்பாவும் மகனும் வெயிலில் நடக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை படத்தில் ரங்கசாமி மூட்டையோடு மலை ஏறி இறங்குகிறார். அவர்கள் நடக்க நடக்க எனக்குத் தொண்டை அடைக்கும். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொட்டாவி வரும்.

லெனின் பாரதியின் மேற்குத் தொடர்ச்சி மலையை 2018இல் தியேட்டரில் தனியாகப் போய்ப் பார்த்தேன். நிலம் வாங்கும் கனவோடு ரங்கசாமி சுமந்து வரும் ஏலக்காய் மூட்டை சரிவில் உருண்டு, பிரிந்து, சிதறிப் போகும் இடம் ஒன்று உண்டு. அந்த மூட்டை எனக்குள் இன்னும் உருண்டுகொண்டுதான் இருக்கிறது. வீட்டில் இதைச் சொன்னது என் தப்பு. இப்போது பாயசத்துக்கு நாலு ஏலக்காய் தட்டித் தரச் சொன்னால்கூட, "பாத்து, அழுதுறாதீங்க" என்கிறார்கள்.

கூழாங்கல் கதை வேறு. வினோத்ராஜின் முதல் படம். 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. அதற்கப்புறம் 2023இல் ஓடிடிக்கு வரும்வரை காத்துக்கிடந்து, வந்த அன்றே குடும்பத்தைக் கூட்டி உட்கார வைத்தேன். ஒன்றேகால் மணி நேரம்தான், ஒரு சீரியலும் விளம்பரமும் சேர்ந்த நேரம் என்று கெஞ்சித்தான் உட்கார வைத்தேன். கடைசியில் ஊற்றுக்குழியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து, ஊறி வரும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடத்துக்கு அள்ளுகிறார்கள். கேமரா நகரவே நகராது. வீட்டில் யாருமே பேசவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த அமைதியில்தான் மாடியிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. "ஐயையோ, மோட்டார!" என்று அம்மா எழுந்து ஓடினார். திரும்பி வந்தவர் டிவியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "ஒரு குடத்துக்கு அவ அந்தப் பாடு படுறா, நாம ஒரு டேங்க வழிய விட்டுட்டு அதையே பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றார். அந்தப் படத்துக்கு நான் படித்த விமர்சனங்களில் இவ்வளவு நறுக்கென்று ஒன்றும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஆகஸ்ட் 23ஆம் தேதி, அதே வினோத்ராஜின் கொட்டுக்காளி வெளியானது. மறுநாள் சனிக்கிழமை, மேலூர்ப் பக்கத்திலிருந்து சித்தப்பா உரக்கடை வேலையாக மதுரைக்கு வந்திருந்தார். வேலை முடிந்து, சாயங்காலம் பஸ் ஏறும்வரை சும்மா இருந்தார். நான் மெதுவாக, "சூரி படம் ஒண்ணு வந்திருக்கு சித்தப்பா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். மீதியை மறைத்தேன் என்று நீங்கள் சொல்லலாம். சித்தப்பாவுக்குச் சூரி என்றால் 2009இல் வந்த வெண்ணிலா கபடிக்குழுவின் பரோட்டா சூரி. 2024 மே மாதக் கடைசியில் வந்த கருடனையும் பார்த்துவிட்டு, "பய நல்லா வந்துட்டான்" என்று சொந்தக்காரப் பையனைப் போல மெச்சிக்கொண்டிருந்தார்.

"பெர்லின் விழாவுக்கெல்லாம் போன படம் சித்தப்பா."

"அங்க எதுக்குப் போனாங்க? பாட்டு எடுக்கவா?"

பாட்டே கிடையாது, பின்னணி இசையும் கிடையாது என்பதை நான் சொல்லவில்லை.

உள்ளே எங்களையும் சேர்த்து 14 பேர். சித்தப்பா வேட்டி மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். சித்தி சுட்ட முறுக்கு. வாசலில் பையைச் சோதித்த பையனுக்கு மடியைச் சோதிக்கத் தோன்றவில்லை.

படம் தொடங்கியது. சேவல் கத்துகிறது. யாரோ நடக்கிறார்கள். (மனைவி வந்திருந்தால் என்னைத் திரும்பிப் பார்த்திருப்பாள்.) மீனாவாக அன்னா பென், வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார். வேறு சாதிப் பையனை விரும்பியதால் அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று, பலி கொடுக்க அந்தச் சேவலையும் தூக்கிக்கொண்டு, பூசாரியிடம் ஆட்டோவில் அழைத்துப் போகிறார்கள். கட்டிக்கொள்ளப் போகிற மாமன் பாண்டிதான் சூரி. கழுத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, கட்டிய குரலில் கரகரவென்று பேசுகிறார்.

அப்போது "கடக்" என்று ஒரு சத்தம்.

முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சித்தப்பா முறுக்கைக் கடித்திருந்தார். வேறு படமாக இருந்தால் டிரம்ஸ் சத்தத்தில் ஒரு டின் முறுக்கைத் தின்றுவிடலாம். இங்கே பின்னணி இசை முழுக்கச் சித்தப்பாவின் கடைவாயிலிருந்துதான் வந்தது. இரண்டாவது கடிக்கு அவருக்கே கூச்சமாகிவிட்டது. முறுக்கை ஒடித்து வாயில் போட்டு, கடிக்காமல் ஊற வைத்தார். கூழாங்கல்லில் அந்தப் பையன் தாகத்துக்குக் கல்லை வாயில் அடக்கிக்கொள்வானே, அதே கன்னம்.

கால் மணி நேரம் கழித்து எழுந்து வெளியே போனார். பாத்ரூம் என்று நினைத்தேன். திரும்பும்போது தியேட்டர்ப் பையன் ஒருவனையும் கூட்டி வந்தார். "கேளு தம்பி, ஆட்டோ சத்தம் வருது, ஆளு பேசுறது வருது, மியூசிக் மட்டும் வரல. ஏதோ ஒயரு புடுங்கியிருக்கு." பையன் பணிவாகச் சொன்னான்: "படமே அப்படித்தாங்கய்யா. காலையிலேர்ந்து நீங்க நாலாவது ஆளு."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

அவரை மீட்டது ஒரு மாடுதான். வழியை மறித்துக்கொண்டு ஒரு காளை நிற்கும். ஆட்டோவிலும் பைக்கிலும் வந்த அத்தனை ஆம்பிளைகளும் முழிப்பார்கள். மேலூர்க்காரருக்கு இது பொறுக்குமா? "அட, கயித்தப் புடிங்கடா" என்று உரக்கவே சொன்னார். ஒரு சின்னப் பெண் வந்து, மாட்டைச் சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போனாள். சித்தப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். 14 பேரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு அவர் நெளியவில்லை. வழியில் கேட்ட பாட்டை மீனா லேசாக முணுமுணுத்ததற்காகப் பாண்டி வெறிபிடித்து, தடுக்க வந்த பெண்கள் உட்பட எல்லோரையும் அடிக்கும் இடத்தில், சித்தப்பாவின் உள்ளங்கையில் பாதி முறுக்கு அப்படியே இருந்தது. வாய்க்கும் போகவில்லை, பொட்டலத்துக்கும் போகவில்லை.

கடைசியில் பூசாரியின் இடம். இன்னொரு பெண்ணுக்கு அங்கே நடப்பதைப் பாண்டி பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் என்ன செய்யப் போகிறான் என்று நாம் நுனிக்கு வரும்போது படம் முடிந்துவிட்டது.

"கரண்டு போயிருச்சா?" என்றார் சித்தப்பா. பெயர்கள் ஓடின. விளக்குப் போட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. "மீதிய எப்பப் போடுவாங்க?"

வெளியே டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். "150 ரூபா டிக்கெட்டு. முடிவ நாமளே வீட்டுல போயி செஞ்சுக்கணுமா? தேங்காயத் துருவிக் குடுத்துட்டு, சட்னிய நீ அரைச்சுக்கன்னா என்னப்பா அர்த்தம்?" டீ மாஸ்டர் கதையைக் கேட்டுவிட்டுச் சித்தப்பாவின் பக்கம் சேர்ந்தார். பஸ் ஏறும்போது சித்தப்பா சொன்ன கடைசி வார்த்தை: "தலைப்பு மட்டும் சரியா வச்சிருக்கான். எங்க ஊர்ல அடம்பிடிக்கிற புள்ளைய அப்படித்தான் சொல்லுவோம்."

புதன்கிழமை ராத்திரி பத்தரை மணிக்குப் போன். அந்த நேரத்துக்குச் சித்தப்பா கூப்பிட்டால் துக்கச் செய்தியாகத்தான் இருக்கும் என்று பதறி எடுத்தேன்.

"ஏப்பா, அந்தப் பாண்டிப் பய திருந்தியிருப்பான்னு நெனைக்கிறியா?"

நாலு நாளாக இதுதான் ஓடியிருக்கிறது. டீக்கடையில், களத்துமேட்டில், கிணற்றடியில் படத்தைச் சொல்லியிருக்கிறார். ஊரில் ஆளுக்கொரு முடிவு. "அவன் கண்ணு கொஞ்சம் மாறுச்சுப்பா, நான் பாத்தேன். ஆனா இத்தன சனம் சுத்தி நிக்கிறப்ப, ஒருத்தன் வேணாம்னு சொல்லிர முடியுமா?" என்று நிறுத்தினார். இவ்வளவு மெதுவாகச் சித்தப்பா பேசி நான் கேட்டதில்லை.

பின்னாலிருந்து சித்தி போனைப் பிடுங்கினார். "அந்தச் சேவல அறுத்துட்டாங்களாப்பா?"

"அதுவும் தெரியாது சித்தி."

"இவரு அந்தப் பாண்டியவே கட்டிக்கிட்டு அழுகிறாரு. அந்தப் புள்ள என்ன நெனச்சான்னு ஒரு வார்த்த கேக்கலயே? நான் சொல்றேன், கேட்டுக்க. எல்லாரும் பூசாரிய வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிற நேரத்துல, அவ சேவலத் தூக்கிக் கக்கத்துல வச்சுக்கிட்டு, அந்த ஆட்டோவ எடுத்துக்கிட்டுப் போயிருப்பா."

"அந்த ஆட்டோ கிளம்பாதுடி!" என்று சித்தப்பா தூரத்திலிருந்து கத்தினார். "வழியிலயே நின்னு போச்சு, நான் பாத்தேன்ல!"