ஒமெப்ரசோலிடம் கற்ற பாடம்: செரிமான, கல்லீரல் மருந்தாக்கத் தாளுக்குப் படித்த அனுபவம்

முதுநிலை மருந்தியலில் இந்தத் தாளுக்காக மருந்தின் பெயர், வகை, அளவு, பக்கவிளைவு என நான்கு கட்டங்களில் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்திருந்தேன். வாய்மொழித் தேர்வில் வந்ததோ வேறு கேள்வி: "இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலின் அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் அதன் அளவு பாதியாகும் நேரம், ஏறக்குறைய 1 மணி நேரம்தான், அப்படியிருக்க, நாளுக்கு ஒரு வேளை எப்படிப் போதுகிறது?" என் அட்டவணையில் அதற்குக் கட்டமே இல்லை.

அன்றிரவு படம் வரைந்த பிறகே விடை விளங்கியது. குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தின் வழியே இரைப்பைச் சுவரின் அமிலம் சுரக்கும் செல்லை அடையும் ஒமெப்ரசோல், அச்செல்லின் நுண்கால்வாயிலுள்ள அமிலத்தில்தான் செயல்படும் வடிவம் பெற்று, அமிலத்தை வெளியேற்றும் புரதமான புரோட்டான் பம்ப்பின் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு, எளிதில் விடாத சகப்பிணைப்பால் ஒட்டிக்கொள்கிறது. இரத்தத்தில் மருந்து தீர்ந்த பிறகும் பூட்டப்பட்ட பம்ப் பூட்டியபடியே கிடக்கிறது. உணவுக்கு முன் விழுங்கச் சொல்வதற்கும், இரைப்பைக் குழியிலேயே சிதைந்துவிடாதபடி குடலில் மட்டும் கரையும் பூச்சு இடுவதற்கும் அதே படத்தில் காரணம் கிடைத்தது.

அதன்பின் ஒவ்வொரு மருந்துக்கும் "இது எங்கே விழித்துக்கொள்கிறது?" என்று கேட்டே படித்தேன். குடல் அழற்சி மருந்தான சல்ஃபாசலசினின் அசோ பிணைப்பை (இரு நைட்ரஜன் அணுக்களின் இணைப்பை) உடைத்து அதை விழிக்கச் செய்பவை பெருங்குடல் பாக்டீரியாக்கள். ஹெபடைட்டிஸ் சி மருந்தான சோஃபாஸ்புவிர் கல்லீரல் செல்லுக்குள் சென்றே செயல்வடிவம் பெறுகிறது. தோல்வியடைந்த மருந்துகளையும் விட்டுவிடாதீர்கள். மருந்தியலாளர் ஜேம்ஸ் பிளாக்கின் குழு உருவாக்கிய, இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மெட்டியமைடு சில நோயாளிகளின் வெள்ளணுக்களைக் குறைத்ததால், அதன் தயோயூரியா பகுதிக்குப் பதிலாக சயனோகுவானிடின் பொருத்தப்பட்டது. அப்படிப் பிறந்த சிமெட்டிடின் 1976இல் விற்பனைக்கு வந்தது. கட்டமைப்பு மாற்றம் பற்றிய கட்டுரை வினாவுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

கல்லீரல் பகுதிக்குக் கூடுதல் நாட்களை ஒதுக்குங்கள்; மருந்தைச் சிதைப்பதும், அதனால் சிதைவதும் அந்த உறுப்பே. மருந்து உட்கொள்பவரின் இரத்தத்தில் ஏஎல்டி என்ற கல்லீரல் நொதி இயல்பு உச்சத்தைப்போல் 3 மடங்குக்கு மேலும், பிலிருபின் என்ற பித்த நிறமி 2 மடங்குக்கு மேலும் உயர்ந்து, பித்தநாள அடைப்போ வேறு காரணமோ இல்லையென்றால் அந்த மருந்தால் கடும் கல்லீரல் பாதிப்பை எதிர்பார்க்க வேண்டும் என்கிறது ஹை விதி (Hy's law). பலர் இதை எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஏற்கெனவே கல்லீரல் நோயுள்ளவருக்குச் சிகிச்சைக்கு முன்பே ஏஎல்டி உயர்ந்திருக்கலாம் என்பதால், அத்தகைய ஆய்வுகளில் அவரவர் தொடக்க அளவோடும் ஒப்பிட்டு வரம்பு வகுக்க வேண்டியிருக்கிறது என்ற வரியையும் சேர்த்து எழுதுங்கள்.