கூடையில் விழுந்த சீட்டுகள்

2016ஆம் ஆண்டு மாமா மகனைத் திருமணம் செய்துகொண்டு இலங்கை மலையகத்தின் அட்டனிலிருந்து நீலகிரியின் கோத்தகிரிக்கு வந்தபோது, எனக்கு இது அயல்நாடு என்பதை இங்கு எவரும் ஒப்புக்கொள்ளவில்லை. இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி மாமா குடும்பம் எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரி வந்து, தாயகம் திரும்பியோருக்கென்று உருவான டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தது. அங்கும் மலை, இங்கும் மலை, அங்கும் தேயிலை, இங்கும் தேயிலை, பிறகென்ன என்றார்கள். ஆனால் கடையில் ரொட்டியைப் பாண் என்று கேட்டால் விழித்தார்கள், பால் சேர்க்காத தேநீரைப் பிளேன்டீ என்று கேட்டால் சிரித்தார்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை நாங்கள் லயம் என்போம், இங்கே அது லைன் வீடு. ஐம்பது ஆண்டுகள் இங்கேயே வாழ்ந்துவிட்ட மாமாவுக்கும் ஊரில் பெயர் ‘சிலோன்காரர்’தான்.

அட்டன் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் ஆறு ஆண்டுகள் எழுதுநராக இருந்ததும், இடையே வகுப்புக்குப் போகாமலே படித்து முடித்த வெளிவாரிப் பட்டமும் என் கையில் இருந்த முதல். மேலாண்மைப் பட்டயப் படிப்பில் சேரலாம் என்று ஒரு கல்லூரிக்குப் போனபோது, அலுவலகத்தில் இருந்தவர் என் சான்றிதழை இருபுறமும் புரட்டிப் பார்த்துவிட்டு, அது இந்தியப் பட்டத்துக்கு இணையானது என்று இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திடமிருந்து இணைச் சான்று வாங்கி வரச் சொன்னார். அது வந்து சேர ஏழு மாதங்கள் ஆயின.

அந்த ஏழு மாதங்களுக்குள் வேலை ஒன்று கிடைத்துவிட்டது. சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கி அரைக்கும் ஒரு தொழிற்சாலையில், மேலாளர் சான்றிதழ் எதையும் கேட்காமல் என்னை வாட்டும் தொட்டியருகே அழைத்துச் சென்று, ஒரு பிடி இலையைக் கையில் கொடுத்து, பதம் எப்படி என்று கேட்டார். ஊரில் செய்வதுபோல் உள்ளங்கையில் இறுக்கி உருட்டிவிட்டு விரித்துப் பார்த்தேன். இலை துள்ளி விரிந்தது. “இன்னும் வாட வேண்டும்” என்று உறுதியாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “இது சி.டி.சி.ம்மா, இதுக்கு இந்த வாட்டம் போதும்” என்றார். இலங்கையில் பெரும்பாலும் இலையை உருட்டிச் சுருட்டும் ஆர்த்தடாக்ஸ் முறை. அதற்கு இலை நன்றாக வாடித் துவள வேண்டும். இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. உருளைகளுக்குப் போகும் இலையில் கூடுதல் ஈரம் நிற்க வேண்டும். கணக்குப் பேரேடு எழுதத் தெரிந்ததால் வேலை கிடைத்ததே தவிர, என் கை கற்றிருந்தது கடல் கடந்ததும் பாதி தவறாகிப்போனது.

படிப்பில் சேர்ந்த முதல் வார இறுதியில் ஆசிரியர் கொடுத்த மதிப்பீட்டுத் தாளைக் கண்டபோது இந்த இலைதான் நினைவுக்கு வந்தது. அதில் மதிப்பெண்ணுக்கு இடமே இல்லை. ‘பணவரத்தை மூன்று மாதங்களுக்கு முன்கூட்டிக் கணிக்கிறார்’, ‘சரக்குத் தேவையை விளக்கி ஆர்டர் இடுகிறார்’ என்பதுபோன்ற வரிகளும், ஒவ்வொன்றின் எதிரே ‘முடிகிறது’, ‘இன்னும் இல்லை’ என்ற இரண்டு கட்டங்களும் மட்டுமே இருந்தன. ‘இன்னும் இல்லை’ என்பது தோல்வி அல்ல, மீண்டும் செய்து காட்டலாம். ஒருவருக்கு இரண்டு வாரம் ஆகலாம், இன்னொருவருக்கு இரண்டு மாதம் ஆகலாம். அறிவுத்திறனை அளப்பதைவிட வேலைக்கு வேண்டிய திறனை அளப்பதே பொருத்தம் என்று டேவிட் மெக்கிளெலண்ட் என்ற உளவியலாளர் 1973இல் எழுதிய கட்டுரை இந்தச் சிந்தனைக்கு ஒரு முக்கியமான தூண்டுதல் என்று ஆசிரியர் சொன்னார். மனப்பாடத்தில் முதலிடம் வாங்கியே வளர்ந்த எனக்கு, ஒளிந்துகொள்ள இடமில்லாத அந்தத் தாளைப் பார்த்து உள்ளூரப் பயமாக இருந்தது.

மூன்றாம் வாரம் ஆட்டம் வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜே ஃபாரஸ்டர் என்ற பேராசிரியரின் அமைப்பு இயக்கவியல் குழுவினர் உருவாக்கிய ‘பீர் ஆட்டம்’ அது. எங்கள் ஆசிரியர் பீர்ப் பெட்டிகளைத் தேயிலை மூட்டைகளாக மாற்றியிருந்தார். சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என்று நான்கு மேசைகள் இருந்தன. ஒருவரோடொருவர் பேசக் கூடாது. கவிழ்த்து வைத்த சீட்டில் ஆர்டர் மட்டும் போகும். ஆர்டர் போய்ச் சேரவும் சரக்கு வந்து சேரவும் சில வாரங்கள் பிடிக்கும். கையிருப்பில் கிடக்கும் மூட்டைக்கு வாரம் அரை ரூபாய் செலவு, கொடுக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் மூட்டைக்கு ஒரு ரூபாய்.

நான் தொழிற்சாலை மேசையில் அமர்ந்தேன். அது எனக்குத் தெரிந்த இடம் என்ற இறுமாப்பும் இருந்தது. சில வாரங்கள் அமைதியாகப் போயின. பிறகு சீட்டுகளில் எண்கள் ஏறின. பன்னிரண்டு, இருபது, நாற்பது என்று வந்தன. நானும் உற்பத்தியைக் கூட்டினேன். கூட்டிய சரக்கு வந்து குவிந்த வாரத்தில் ஆர்டர் சுழியமாயிற்று. ஆட்டம் முடிந்ததும், வாடிக்கையாளர் தேவை எப்படி ஏறி இறங்கியிருக்கும் என்று வரைந்து காட்டச் சொன்னார்கள். நான் எங்கள் நீலகிரியின் உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவை வரைந்தேன். உண்மையில், வாரம் நான்கு மூட்டையாக இருந்த தேவை ஐந்தாம் வாரத்தில் எட்டாகி, கடைசிவரை எட்டாகவே நின்றது. அவ்வளவுதான். மலையை எழுப்பியவர்கள் நாங்களே. பிடியில் ஏற்படும் சிறு அசைவு சாட்டையின் நுனியில் பெரும் வீச்சாவதுபோல என்பதால் இதைப் புல்விப் விளைவு என்கிறார்கள். 1989இல் ஜான் ஸ்டெர்மன் வெளியிட்ட ஆய்வில், ஆடிய அணிகளின் சராசரிச் செலவு குறைந்தபட்சச் செலவைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. எங்கள் அணி அந்தச் சராசரிக்குக் குறைவைக்கவில்லை.

பாடம் அருமையானது, ஆனாலும் வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் ஏதோ நெருடியது. பீர்ப் பெட்டியும் தேயிலை மூட்டையும் கிடங்கில் காத்திருக்கும். பறித்த பச்சை இலை காத்திருக்காது. மாலைக்குள் தொட்டிக்குப் போகாத இலை சூடேறிச் சிவந்துவிடும். அதை மறுவாரம் ஆசிரியரிடம் சொன்னேன். அப்படியென்றால் நீயே விதியை மாற்று என்றார். அந்தப் படிப்பில் எனக்கு மிகவும் பிடித்த பதில் அது.

ஐந்தாவது மேசை ஒன்றைச் சேர்த்தோம். பக்கத்து ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் ஊரிலிருந்து வரும், சொந்தமாக ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும், எங்களில் மூத்த படுகர் அண்ணா அதில் விவசாயியாக அமர்ந்தார். அவரிடம் வாரந்தோறும் இத்தனை கிலோ இலை சீட்டுகளாக வரும்; தொழிற்சாலை வாங்காததைக் காலடியிலுள்ள குப்பைக் கூடையில் போட்டுவிட வேண்டும் என்பது விதி. இம்முறை நான் மொத்த வியாபாரி. முந்தைய ஆட்டத்தில் சூடுபட்டிருந்ததால் மிகக் கவனமாக ஆடினேன். கையிருப்பு சற்றே ஏறியதும் ஆர்டரை நிறுத்தினேன். என் செலவு நன்றாகக் குறைந்தது. பத்தாம் வாரத்தில் அண்ணாவின் கூடை நிரம்பிச் சீட்டுகள் தரையில் சிதறத் தொடங்கின. வரத்தைக் குறைக்கலாமே என்று விநியோகஸ்தர் மேசையிலிருந்த இளைஞர் விதியை மீறிக் கேட்டுவிட்டார். “செடிகிட்ட யாரு தம்பி சொல்றது, இந்த வாரம் துளிர்க்காதேன்னு?” என்றார் அண்ணா.

ஆசிரியர் மதிப்பீட்டுத் தாள்களைத் திரும்ப வாங்கி, ஒவ்வொன்றின் அடியிலும் பேனாவால் ஒரு வரி சேர்த்தார்: ‘தன் முடிவு எந்த மேசையில் போய் விழுகிறது என்று கண்டறிகிறார்.’ சரக்குத் தேவை, செலவுக் கட்டுப்பாடு இரண்டிலும் எனக்கு ‘முடிகிறது’ என்று குறித்திருந்தார். புதிய வரியின் எதிரே ‘இன்னும் இல்லை’. மறுப்பதற்கு எனக்கு ஒன்றுமில்லை. ஆட்டம் முடியும்வரை ஒருமுறைகூட நான் அந்தக் கூடையின் பக்கம் திரும்பியிருக்கவில்லை.