மீட்டியோர் 350-இல் பை மாட்டும் முன்

ராயல் என்ஃபீல்டின் மீட்டியோர் 350 மாதிரி க்ரூசர் பைக்கில் சாமான் கட்ட முதலில் வாங்க வேண்டியது பை இல்லை, சேடில் ஸ்டே. அந்த இரும்புச் சட்டம் இல்லாமல் துணிப்பையைச் சீட்டுக்குக் குறுக்கே போட்டால், பள்ளத்தில் இறங்கும்போது உள்பக்கம் ஆடி டயரில் உரசும். வலப்பக்கம் இன்னும் கவனம், சைலென்சர் அங்கேதான். பையை நிரப்பிய பிறகு அதற்கும் சைலென்சருக்கும் இடையில் நான்கு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். காலிப் பையில் பார்த்துப் பயனில்லை. கனம் ஏறியதும் அடிப்பாகம் தொங்கி, துணி உருகிச் சைலென்சரில் அப்பிக்கொள்ளும்.

டாப் பாக்ஸ் வசதிதான், பூட்டலாம், ஹெல்மெட் வைக்கலாம். ஆனால் அது பின்சக்கர அச்சுக்கும் பின்னால், உயரத்தில் உட்காருகிறது. அதில் கனம் ஏற்றினால் முன்சக்கரம் லேசாகி, வேகத்தில் ஹேண்டில் அலையும். ரெயின் கோட், ஜாக்கெட் மட்டும் அங்கே போதும். டூல்ஸ், தண்ணீர், பஞ்சர் கிட் எல்லாம் பக்கப்பைகளின் அடியில், இருபுறமும் சம எடையாக. பின் ஷாக்கில் 6 படி ப்ரீலோட் (ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கம்) இருக்கிறது. முழுச் சுமைக்கு ஓரிரு படி கூட்டுங்கள், இரண்டு பக்கமும் ஒரே படியில்.

கொக்கி வைத்த பஞ்ஜி கயிறு (ரப்பர் போல இழுபடுவது) தயவுசெய்து வேண்டாம். கொக்கி தெறித்தால் கண்ணுக்கே ஆபத்து, அவிழ்ந்தால் சக்கரத்தில் சுற்றும். பக்கிள் பட்டை வாங்கி, மீதி நுனியை மடித்துச் செருகுங்கள்.

மழைக்கு வெளி உறையை நம்பாதீர்கள், காற்றில் பறந்துவிடும். உள்ளே ட்ரை பேக், அதாவது தண்ணீர் புகாத பை, வையுங்கள்.

முதல் 100 கிலோமீட்டரில் ஸ்டே போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.