குளத்தூப்புழையிலிருந்து ஹட்டனுக்கு: அப்பாயி விட்டுவந்த மலையில் ஓர் ஊழியப் பயணம்

இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்தில் எங்களை ஏற்றிய வேன் டிரைவர் மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. அதையே முதலில் எழுதிவிடுகிறேன். கொழும்பு கோட்டைக்கு ஒன்பதாயிரம் என்று பேசி ஏறினோம். பைகளை இறக்கும்போது, "ஒன்பதாயிரம் இந்தியன் ரூபாய்" என்றார். ஒரு இந்திய ரூபாய்க்கு ஏறக்குறைய மூன்றரை இலங்கை ரூபாய் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள், முப்பதாயிரத்தைத் தாண்டுகிறது! அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு பன்னிரண்டாயிரம் வாங்கிக்கொண்டுதான் போனார்.

அது யாரோ ஒரு பணக்காரர் கொடுத்த காசு இல்லை. எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பலாப்பழத்தையும் இரண்டு சேவலையும் மாறி மாறி விலை ஏற்றி, ரப்பர் பால் வெட்டப் போகும் அக்காமார் சேர்த்துத் தந்த காசு. நீங்கள் போனால் விமான நிலையத்திலிருந்து 187-ஆம் எண் பஸ்ஸில் ஏறுங்கள். நேராகக் கோட்டைக்குப் போகும். பை நிறைய இருந்தாலும் பரவாயில்லை, ஏறிவிடுங்கள்.

சரி, நாங்கள் யார் என்று சொல்ல வேண்டும். புனலூருக்குக் கிழக்கே குளத்தூப்புழை. ஆரியங்காவைத் தாண்டினால் செங்கோட்டை, தமிழ்நாடு. இங்கே ரப்பர் தோட்டத்துக் குடியிருப்புகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் சிலோனிலிருந்து வந்த தமிழர்கள். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக முடிவானது. அந்தக் கணக்கில்தான் என் அப்பாயி தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, 1970-களில் இங்கே ரப்பர் மரத்தடிக்கு வந்து சேர்ந்தது. தேயிலைக் கொழுந்து கிள்ளிய கை, பால் வெட்டும் கத்தியைப் பிடித்தது.

எங்கள் சபை வாலிபர்கள் ஊழியப் பயணம் போவதாகத் தீர்மானித்து, இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துச் சபை ஒன்று எங்களை அழைத்தபோது, குழுவில் ஒருவருக்கும் அது வெறும் வெளிநாடாகத் தெரியவில்லை. ஆனாலும் பாஸ்போர்ட்டில் முதல் வெளிநாட்டு முத்திரை விழுந்தது அங்கேதான். திருவனந்தபுரத்தில் ஏறி, கொடுத்த பன்னைத் தின்று முடிப்பதற்குள் கொழும்பு வந்துவிட்டது. அப்பாயிக்கு எத்தனை நாள் பிடித்த பாதை அது!

கொழும்பு புறக்கோட்டையிலிருந்து ஹட்டனுக்குப் போன தனியார் பஸ்ஸைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ரயிலில் போயிருக்கலாம், டிக்கெட் கிடைக்கவில்லை. பஸ்ஸில் சீட்டுகள் நிறைந்த பிறகும் நடுவில் ஆட்களை அடைத்துக்கொண்டே இருந்தார்கள். கித்துள்கல தாண்டி கினிகத்தேன வளைவுகள் தொடங்கியதும் ஓட்டுநருக்கு ஏனோ அவசரம். எதிரே லாரி வரும்போதும் முந்தினார். ஸ்பீக்கர் என் தலைக்கு மேலேயே இருந்தது. எங்கள் ஞாயிறு பள்ளி டீச்சர் ஜன்னல் பக்கம் சாய்ந்தவர், ஹட்டன் வரை நிமிரவில்லை. தென்மலை, ஆரியங்காவு வளைவுகளில் கேரள அரசு பஸ்ஸில் வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களுக்கே இப்படி என்றால் மற்றவர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ரயிலுக்கு முன்பதிவு செய்யுங்கள், வேறு வழியே யோசிக்காதீர்கள்.

அப்புறம் மலை. காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே டிக்கோயாவில் 1878-இல் கட்டிய வார்லி கோயிலைப் பார்த்தோம். கல் கட்டடம், சுற்றிக் கல்லறைகள், அதற்குக் கீழே தேயிலை. அங்கே நிற்கும்போதுதான், புறப்படும் முன் எங்களுக்குக் கொடுத்த பயிற்சிக் குறிப்பை நினைத்து எனக்குக் கோபம் வந்தது. "சுவிசேஷம் எட்டாத இடம்" என்று அதில் எழுதியிருந்தது. 1854-இலேயே திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் இந்த மலைகளுக்கு வந்து, தோட்டம் தோட்டமாக நடந்தே ஊழியம் செய்திருக்கிறார்கள். தமிழ்க் கூலி மிஷன் என்றே அதற்குப் பெயர். எங்கள் குளத்தூப்புழை சபையே இந்த மலையிலிருந்து கப்பல் ஏறி வந்த விசுவாசம்தான். தாய் வீட்டுக்குப் போய், "நான் சமைக்கக் கற்றுத் தருகிறேன்" என்று சொல்வது எவ்வளவு தப்பு! அன்று இரவே குழுவில் பேசி, மேடைப் பிரசங்கத்தைக் குறைத்து வீடு சந்திப்பைக் கூட்டினோம். பயணத்தில் எடுத்த சரியான முடிவு என்றால் அதுதான்.

காலையில் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி. பிள்ளைகள் பாடினார்கள் பாருங்கள், தகரக் கூரையில் மழை அடித்தும் அவர்கள் சத்தம்தான் மேலே நின்றது. மதியத்துக்கு மேல் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் எனும் வரிசை வீடுகள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, அதற்குள் மூன்று தலைமுறை. நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆவதற்கே பல வருடம் போராடி, 2021-இல்தான் கிடைத்ததாம். அப்படிப்பட்ட வீட்டில் எங்களுக்குப் போட்ட சாப்பாட்டை நான் மறக்க மாட்டேன். தணலில் சுட்ட தேங்காய் ரொட்டி, அம்மியில் அரைத்த கட்டச் சம்பல், கருவாட்டுக் குழம்பு, கையில் கொஞ்சம் சீனியோடு பால் ஊற்றாத பிளேன்டீ. சம்பலில் மாசிக் கருவாடு போட்டிருந்தார்கள். ஒரு வாய் வைத்ததும் எங்கள் வீட்டு அடுப்படியே வந்துவிட்டது, அப்பாயி அரைக்கும் அதே காரம்! கொழும்பில் காசு கொடுத்துச் சாப்பிட்டதெல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது. நான் நான்கு ரொட்டி தின்றேன், ஐந்தாவதையும் வைத்தார்கள்.

ஒரு வீட்டில் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "நீ இந்தியாவுல எந்தப் பக்கம்யா? எங்க அக்கா கப்பல் ஏறிப் போச்சு. மொத மூணு வருசம் கடுதாசி வந்துச்சு, அப்புறம் இல்ல." அக்காவுக்கு இந்தியா, தங்கைக்கு சிலோன் என்று கொழும்பிலும் டெல்லியிலும் உட்கார்ந்து பிரித்துவிட்டார்கள். 1984-இல் அந்தக் கப்பலும் நின்றுபோனது. "ஜெபம் பண்ணுவோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்திருக்க எனக்கு மனம் வரவில்லை. அக்கா பெயர், அப்பா பெயர், தோட்டம், போன வருடம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஜெபமும் செய்தோம். செய்தி பக்கத்து லயன்களுக்குப் பரவி, அடுத்த நாள் வேலை விட்டு வந்தவர்கள் துண்டுச் சீட்டுகளோடு வரிசையில் நின்றார்கள்.

இப்போது அந்த நோட்டுதான் எங்கள் வேலை. தாயகம் திரும்பியவர்கள் கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கத் தேயிலைத் தோட்டங்களிலும், கர்நாடகத்தில் சுள்ளியா பக்கத்து ரப்பர் தோட்டங்களிலும், எங்கள் குளத்தூப்புழை, ஆயிரநல்லூரிலும் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஊர் சபைக்கும் ஒரு பட்டியல் அனுப்பத் தொடங்கிவிட்டோம். பேனர் அடித்துக் கூட்டம் போடும் செலவில் பாதி இருந்தாலே இது நடக்கும்.

போக நினைக்கும் வாலிபர் குழுக்களுக்கு: ஆகஸ்டில் போகாதீர்கள், அங்கே மழையும் அட்டையும் அதிகம். பள்ளிக்கு ஏப்ரலிலும் விடுமுறை உண்டு. பையில் கைப்பிரதியைக் குறைத்து, உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் சிலோன் தோட்டத்துப் பெயர்களை எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். தங்கும் வீட்டில் அரிசி, பருப்புக்கு முதல் நாளே காசு கொடுத்துவிடுங்கள், வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், கேட்காதீர்கள். வேன் பிடித்தால் "இலங்கை ரூபாயா, இந்திய ரூபாயா" என்று ஏறும் முன்பே கேட்டு, தொகையை எழுதி வாங்குங்கள்.