வீட்டுத் தோட்டத்தில் வெட்டிவேர்
அழகுக்காகப் புல் வளர்க்க விரும்புவோர், நர்சரிகளில் அயல்நாட்டு வகைகளைத் தேடும் முன் நம் மண்ணுக்குரிய வெட்டிவேரை நட்டுப் பார்க்கலாம். முதிர்ந்த தூரைப் பிரித்து, இலையை ஒரு சாண் அளவுக்கும் வேரை நான்கு விரல் அளவுக்கும் நறுக்கி நட்டால் போதும். ஆளுயரம் வளர்ந்து நுனி வளைந்து நிற்கும் அந்தத் தூர், நாணலைப்போல் நிலத்தடியில் ஓடிப் பக்கத்துப் பாத்திகளைப் பிடிப்பதில்லை. ஊதாச் சாயலில் கதிர் எழும்போது எந்த ரோஜாவும் எனக்கு அதற்கு ஈடாகத் தோன்றுவதில்லை. வேர் 3 மீட்டர் ஆழம்வரை இறங்க வல்லது என்பதால், மணத்துக்காக வேரையும் எடுக்க நினைப்பவர்கள் மணல் கலந்த மண் நிரப்பிய உயரமான சாக்கில் வளர்ப்பதே நல்லது. ஓராண்டுக்குப் பின் சாக்கைக் கிழித்து மண்ணை உதறினால் வேர் அதிகம் அறுபடாமல் கிடைக்கும். இலை விளிம்பு கையைக் கீறும் என்பதால், குழந்தைகள் ஓடியாடும் நடைபாதையோரம் மட்டும் வேண்டாம். கழித்த இலைகளை நான் தென்னையடியில் மூடாக்காகப் பரப்பிவிடுகிறேன்.